செப்டம்பரில் புலம்பாதீர்கள், மார்ச்சில் வாருங்கள்: நியூ ஜெர்சித் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். ஒவ்வொரு செப்டம்பரிலும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பாட்டுத்தான். பஸ் 6:40-க்கே வந்துவிடுகிறது, பையனை எழுப்புவதற்குள் உயிர் போகிறது, பெண் வெறும் வயிற்றோடு ஓடுகிறாள், முதல் பீரியடே கெமிஸ்ட்ரி, அதில் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறாள் என்று டீச்சரிடமிருந்து மெயில், எந்த மேதாவி இந்த ஊரில் 7:25-க்கு மணி அடிக்கச் சொன்னான்! பத்து நாள் இப்படிப் போகும். அப்புறம் கொலு அழைப்பு, தீபாவளி பாட்லக் என்று பேச்சு மாறிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில், அந்த மணியை உண்மையிலேயே கட்டிப்போட்டிருக்கும் கணக்குகளை, ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு விரித்துவைத்துப் பேசுகிறபோது, அந்த ஹாலில் நம் ஆட்களைத் தேடினாலும் கிடைக்காது.

பள்ளி தொடங்கும் நேரம் தூக்கம் சம்பந்தப்பட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போர்டுக்கு அது பஸ் சம்பந்தப்பட்டது, பஸ் என்றால் பட்ஜெட். பட்ஜெட் கூட்டத்துக்கு வராதவர்களின் சொல் அம்பலம் ஏறாது, அவ்வளவுதான் விஷயம். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஒரே போர்டின் கீழ் வரும் பள்ளிகளின் வட்டாரம், எது என்று எழுதப்போவதில்லை. பக்கத்து டவுன்ஷிப்பில் கேட்டாலும் இதே கதைதான், நிமிடங்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு எதிர்க்கட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "நாங்களெல்லாம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தவர்கள், இதுகளுக்கு ஏழரை மணிக்கு என்ன கேடு" என்று சொல்லும் அண்ணன்மார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சரி அண்ணா, எழுந்து படித்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஸ்கூல் எத்தனை மணிக்குத் தொடங்கியது? ஒன்பதுக்கு, ஒன்பதரைக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது மட்டும் காலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருப்பார்கள், அதையும் இன்றுவரை சபித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் விளக்கை அணைத்தார்கள், நீங்களும் படுத்தீர்கள். இங்கே உங்கள் பிள்ளைக்கு நீச்சலோ பரதநாட்டியமோ முடிந்து வீடு வர எட்டு, சாப்பிட்டுவிட்டு ஏபி கிளாஸ் (காலேஜ் அளவுப் பாடம்) ஹோம்வொர்க்கில் உட்கார ஒன்பது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தவிர, இது சோம்பேறித்தனம் அல்ல, உடம்பு. பருவமடையும் வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ராத்திரி தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. உடம்பின் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரைகூடப் பின்னால் தள்ளிப்போகலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறார். பதினொரு மணிக்கு முன்னால் படுத்தாலும் தூக்கம் வராது என்று உங்கள் பிள்ளை சொன்னால் அநேகமாக அது பொய்யாக இருக்காது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பதினொன்றுக்குத் தூங்கி ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் ஏழு மணி நேரம்கூடத் தேறாது, வாரத்துக்கு ஐந்து நாள் இதேதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதமி 2014-லேயே நடுநிலைப் பள்ளியும் ஹைஸ்கூலும் 8:30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த குழந்தைகள் இப்போது ஹைஸ்கூலையே முடித்திருப்பார்கள்.

"ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக போன் பார்க்கும், வேறென்ன" என்பது அடுத்த வாதம், எங்கள் வீட்டிலும் ஓடியது. சியாட்டில் 2016-இல் ஹைஸ்கூல் நேரத்தை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இரண்டு பள்ளிகளில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும், மாணவர்கள் கையில் பட்டை மாதிரி ஒரு கருவியைக் கட்டி அளந்தார்கள், பிள்ளைகள் வாயால் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. ராத்தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. 55 நிமிடத்தில் 34-ஐத் தூக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், மீதியை என்ன செய்தார்களோ, போகட்டும். இது ஒன்றும் நேற்றைய யோசனையும் இல்லை. மினசோட்டாவில் ஈடைனா என்ற ஊர் 1996-லேயே 7:20-ஐ 8:30 ஆக்கிவிட்டது, அடுத்த வருடம் மினியாபொலிஸ் 7:15-ஐ 8:40 ஆக்கியது. நம்மில் பலர் இந்த நாட்டுக்கு விசா வாங்குவதற்கு முன்னால் நடந்த சமாச்சாரம்.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? இங்கேதான் பஸ்ஸுக்கு வர வேண்டும்.

நம் தெருமுனையில் காலையில் நிற்கும் மஞ்சள் பஸ்ஸை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். 6:40-க்கு ஹைஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிறது, ஜனவரியில் அப்போது கும்மிருட்டு, சூரியன் உதிக்க 7:20 ஆகும். இவர்களை இறக்கிவிட்டு அதே பஸ், அதே டிரைவர், நடுநிலைப் பள்ளி ரூட்டுக்குப் போகிறார். அதை முடித்துவிட்டு மூன்றாவதாக எலிமென்டரி. சாயங்காலம் இதே வரிசையில் திரும்ப மூன்று சுற்று. ஒரு பேச்சுக்கு ஒரு டிஸ்ட்ரிக்டில் 60 பஸ் இருக்கிறது என்று வையுங்கள். மூன்று சுற்று ஓடினால் 180 ரூட்டை முடித்துவிடலாம். எல்லாப் பள்ளியும் எட்டிலிருந்து ஒன்பதுக்குள் தொடங்க வேண்டும் என்று நெருக்கினால் இரண்டு சுற்றுத்தான் ஓட முடியும், அதே 180 ரூட்டுக்கு 90 பஸ் வேண்டும். கூடுதலாக முப்பது பஸ், முப்பது டிரைவர். பஸ் கம்பெனிகள் இருக்கிற ரூட்டுக்கே டிரைவர் கிடைக்காமல் திண்டாடுகின்றன, டிரைவர் வராத நாளில் இரண்டு ரூட்டைச் சேர்த்து ஓட்டி, பிள்ளைகள் முக்கால் மணி நேரம் லேட்டாக வீடு வந்த நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

பணம் செலவழிக்காமல் மாற்ற ஒரு வழி உண்டு, வரிசையைத் தலைகீழாக்குவது. எலிமென்டரியை முதலில் கொண்டுவந்து ஹைஸ்கூலைக் கடைசிக்குத் தள்ளுவது. சின்னக் குழந்தைகள்தான் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்களே, காகிதத்தில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பாஸ்டனில் 2017-இல் எம்ஐடி ஆய்வாளர்களின் அல்காரிதத்தை வைத்து இப்படி ஒரு அட்டவணை போட்டார்கள். ஹைஸ்கூலுக்கு நல்ல நேரம், பஸ் செலவில் மிச்சம், எல்லாம் கச்சிதம். பல எலிமென்டரிப் பள்ளிகளுக்கு 7:15, 7:30 என்று விழுந்தது, மதியம் ஒன்றேகாலுக்கு, ஒன்றரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போகும் அம்மா அப்பா என்ன செய்வார்கள்? டிசம்பர் ஆரம்பத்தில் அறிவித்தார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மதியம் ஒன்றரை மணிக்குக் குழந்தையைக் கூப்பிட்டு வரும் கவலை கிடையாது.

ஃப்ளோரிடா கதை வேறு மாதிரி. 2023-இல் சட்டமே போட்டார்கள், 2026 ஜூலைக்குள் எல்லா ஹைஸ்கூலும் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று. பஸ்ஸுக்கும் டிரைவருக்கும் பணம் எங்கே என்று டிஸ்ட்ரிக்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தன, 2025-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். தேதி வருவதற்கு முன்னாலேயே கட்டாயம் போய்விட்டது. கலிஃபோர்னியா மட்டும் பிடிவாதமாக நின்றது. 2018-இல் கவர்னர் ஜெரி பிரவுன் திருப்பி அனுப்பிய மசோதா, அடுத்த வருடம் புது கவர்னர் கேவின் நியூசம் கையெழுத்திட்டு, 2022 ஜூலையிலிருந்து ஹைஸ்கூலுக்கு 8:30, நடுநிலைப் பள்ளிக்கு 8:00 என்று அமலுக்கு வந்தது, கிராமப்புற டிஸ்ட்ரிக்டுகளுக்கு விலக்கோடு. அந்தச் சட்டத்திலேயே ஜீரோ பீரியட், அதாவது முதல் பீரியடுக்கும் முன்னால் விரும்பியவர்களுக்கு ஒரு வகுப்பு, வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் முதலில் நுழைவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு ஏபி எடுக்கலாமே என்று மகளை ஏழரை மணிக்கு இறக்கிவிட்டு வரும் தோழி ஒருத்தி எனக்கே இருக்கிறாள்.

நியூ ஜெர்சியில் 2022-இல் 8:30-க்கு ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆகவே முடிவு அந்தந்த டிஸ்ட்ரிக்டின் கையில். நம் ஊர்ப் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதைப் பேசிப் பயனில்லை. இந்த மாநிலத்தில் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி வருடத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. வீடு வாங்கும்போது பள்ளி ரேட்டிங்கைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு காலாண்டும் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம், ஆனால் அந்தப் பணம் எந்தத் தலைப்பில் போகிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 2010-இல் வந்த சட்டத்தால் டிஸ்ட்ரிக்ட் தன் வரி வசூலை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது, சில விதிவிலக்குகள் உண்டு. அதையும் மீற வேண்டுமானால் ஓட்டெடுப்புக்கு விட வேண்டும். ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீடு 2 சதவீதத்தில் நிற்பதில்லை, சிறப்புக் கல்விச் செலவும் நிற்பதில்லை, பஸ் கான்ட்ராக்டும் நிற்பதில்லை. கொரோனா காலத்தில் மத்திய அரசு கொடுத்த பணமும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. மாநில உதவி எவ்வளவு என்பது கவர்னர் பட்ஜெட் உரை வாசித்த பிறகு, மார்ச் வாக்கில்தான் தெரியும். அதற்குப் பிறகு சில வாரங்களில் டிஸ்ட்ரிக்ட் தன் கணக்கை முடிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரு போர்டு உறுப்பினர் "தூக்கத்துக்காக முப்பது பஸ்" என்று வாயைத் திறப்பாரா? பக்கத்து நாற்காலியில் இருப்பவர் லைப்ரரியன் வேலையைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருப்பார்.

கர்ட்டஸி பஸ் விவகாரமும் இதில்தான் வருகிறது. மாநிலச் சட்டப்படி எலிமென்டரி, நடுநிலைப் பிள்ளைகளுக்கு 2 மைலுக்கு மேல் இருந்தால், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல் இருந்தால் மட்டுமே டிஸ்ட்ரிக்ட் பஸ் விட்டாக வேண்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது தயவு. பணமுடை வந்தால் முதலில் கத்தி விழுவது அந்தத் தயவின் மேல்தான், இல்லையென்றால் வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் போடுவார்கள். ரூட் 130 மாதிரியான ரோடுகளின் ஓரம், நடைபாதையே இல்லாத டவுன்ஹவுஸ் காலனிகளில் நாம் எத்தனை குடும்பங்கள் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரலில் போர்டு ஓட்டுப் போட்டதை நாம் ஆகஸ்டில் மெயில் வந்த பிறகு கண்டுபிடித்தால், அதற்குப் பெயர் சூழ்ச்சி அல்ல.

என் கருத்தைக் கேட்டால், வரிசையைத் தலைகீழாக்கும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். என் மகன் பெரியவனாகிவிட்டான் என்பதற்காக இன்னொருத்தியின் ஐந்து வயதுக் குழந்தையை இருட்டில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பாய்ச்சலில் 8:30 வேண்டும் என்று அடம் பிடிப்பதிலும் நம்பிக்கை இல்லை. வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி, நம்மைவிடப் பல மடங்கு பெரிய டிஸ்ட்ரிக்ட், 2015-இல் 7:20-இலிருந்து 8:00, 8:10-க்கு வந்தது. மருத்துவர்கள் சொன்ன 8:30 அல்ல, ஆனாலும் நாற்பது, ஐம்பது நிமிடம் நகர்ந்தது. நமக்கும் முதலில் எட்டு மணி போதும். அதற்குக் கொஞ்சம் பஸ் கூடும், எலிமென்டரி பத்துப் பதினைந்து நிமிடம் நகரும், விளையாட்டுக் கோச்சுகள் சாயங்கால வெளிச்சம் போய்விடுகிறது என்று கத்துவார்கள், ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம் பேச வேண்டும். கூடும் செலவுக்கு வரியில் கொஞ்சம் ஏறினால் கொடுக்கத் தயார் என்று மைக்கில் போய்ச் சொல்லவும் நான் தயார். "நேரத்தையும் மாற்று, வரியையும் ஏற்றாதே, என் பஸ்ஸிலும் கை வைக்காதே" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு உட்காரும் ஆளை எந்த போர்டும் மதிக்காது, மதிக்கவும் தேவையில்லை.

ஓட்டுரிமை இல்லையே என்று சிலர் ஒதுங்குகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஹெச்-1பியில் வந்து, கிரீன் கார்டு வரிசையில் நின்றே பிள்ளையைக் காலேஜ் அனுப்பப்போகிறவர்கள் நம்மில் நிறைய. போர்டு தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, உண்மை. ஆனால் கூட்டத்தில் பேச யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பொதுமக்கள் பேச ஒவ்வொரு போர்டு கூட்டத்திலும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. பெயர், எந்த டவுன்ஷிப், அவ்வளவுதான். எங்கள் ஊரில் மூன்று நிமிடம் தருகிறார்கள், எதிரே திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும், முப்பது வினாடி இருக்கும்போது மஞ்சளாகும், நாக்கு உலரும். போர்டு பதில் சொல்லாது, தலையை ஆட்டிக் குறித்துக்கொள்ளும். முதல் தடவை சுவரோடு பேசுவது போலத்தான் இருக்கும். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் அடுத்தடுத்த கூட்டங்களில் கேட்டால்தான் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டென்ட் அதற்கு ஒரு ஸ்லைடு தயாரித்துக்கொண்டு வருவார்.

சிட்டிசன் ஆகிவிட்டவர்களுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. ஜனாதிபதி தேர்தலுக்கு நாலு மாதம் தூங்காமல் விவாதம் செய்கிறீர்கள், ஆனால் அதே சீட்டின் கீழே இருக்கும் ஸ்கூல் போர்டு பெயர்களைப் பார்த்து "யாருப்பா இவங்க" என்று குழுவில் கேட்கிறீர்கள், அதுவும் ஓட்டுச் சாவடி வாசலில் நின்றுகொண்டு.

வருகிற மார்ச்சுக்குச் சில வேலைகள். உத்தேச பட்ஜெட் மார்ச்சில் போர்டு முன்னால் வரும், பொது விசாரணைக் கூட்டம் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ இருக்கும், தேதி டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். விசாரணைக் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள், அதற்குள் எல்லாம் முடிவாகியிருக்கும், மார்ச் கூட்டத்துக்கே வாருங்கள். போக்குவரத்துத் தலைப்பை எடுத்து, போன வருடத் தொகையையும் இந்த வருடத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே போய் மெலடோனின் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியும். மூன்று சுற்றில் எத்தனை ரூட் ஓடுகிறது, ஹைஸ்கூல் பஸ்களில் உண்மையில் எத்தனை சீட் நிரம்புகிறது, மணியை எட்டுக்கு மாற்றினால் எத்தனை பஸ் கூடும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கணக்குக் கேளுங்கள். அந்தக் கணக்கை அவர்கள் போட்டே இல்லை என்றால் அதைப் போட வையுங்கள், பஸ் கான்ட்ராக்ட் மறுபடி ஏலத்துக்கு வரும் வருடம் எது என்றும் கேளுங்கள், நேரத்தை மாற்றச் சுலபமான வருடம் அதுதான்.

ஒரு வேலையை இப்போதே செய்யலாம். பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளில் பலர் சொந்தக் காரிலோ நண்பன் காரிலோ போகிறார்கள், இல்லையென்றால் நாமே இறக்கிவிடுகிறோம், ஆனாலும் அவர்கள் பெயரில் பஸ்ஸில் ஒரு சீட் காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நாம்தான் பிடித்து வைத்திருக்கிறோம். பஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒரு படிவம் உண்டு, உங்களிடமும் இருக்கும், போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஐம்பது வீட்டார் எழுதிக் கொடுத்தால் ஒரு ரூட்டையே எடுத்துவிட முடியுமா என்று கேட்கலாம். வெறுங்கையோடு போவதைவிட இது மேல்.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். நாம் மூன்று நிமிடம் உச்சரிப்புக்குப் பயந்து பேசுவதை அவர்கள் ஒன்றரை நிமிடத்தில் பேசிவிடுவார்கள். கூட்டம் ராத்திரி ஏழு மணிக்குத்தான், அந்த நேரத்தில் நன்றாகவே விழித்திருப்பார்கள். பார்க்கிங் பின்பக்கம் உண்டு, பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் தாளை வாசலிலேயே வைத்திருப்பார்கள், ஏழுக்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்புப் பையனின் அம்மா